நெடுங்காலம் நன்றாக ஆடுவது எப்படி? செஸ் வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

வகுப்பில் சேர்க்கும்போது பெற்றோர் கேட்பது, "எப்போ மேடம் ஜெயிக்க ஆரம்பிப்பான்?" என்று. மூன்று நான்கு வருடம் போனதும் கேள்வி மாறிவிடும்: "நல்லாத்தானே ஆடிட்டிருந்தான், ஏன் அப்படியே நின்னுபோச்சு?" இந்த இரண்டாவது கேள்விக்கு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பதில் சொல்லி முடிப்பதில்லை. அதனால், அதைச் சுற்றி வரும் சந்தேகங்களை எல்லாம் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

பெரும்பாலும் விஸ்வநாதன் ஆனந்தை வைத்துத்தான் பேசுகிறேன். மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் என்பது ஒரு காரணம். அவருடைய வெற்றி தோல்வி எல்லாமே நகர்த்தல் நகர்த்தலாகப் பதிவில் இருப்பது இன்னொரு காரணம். நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, ஆட்டங்களை எடுத்து வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

"ஆனந்த் அஞ்சு தடவை உலக சாம்பியன். அது தெரியும். அதுக்கு மேல அவர்கிட்ட என்ன இருக்கு?"

எண்ணிக்கையைவிட அது பரவியிருக்கும் காலத்தைப் பாருங்கள். 1987இல் உலக ஜூனியர் சாம்பியன். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். உலகப் பட்டம் 2000, 2007, 2008, 2010, 2012. ரேபிட் எனும் குறைந்த நேர ஆட்டத்தில் உலகப் பட்டம் 2003இல் ஒன்று, 2017இல் 48 வயதில் இன்னொன்று. 1986இல் இந்திய ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) பட்டியலில் முதல் இடத்துக்கு வந்தவரை 2023 செப்டம்பரில்தான் குகேஷ் தாண்டினார். முப்பத்தேழு வருடம்! குகேஷ் பிறந்ததே 2006இல்.

உலகப் பட்டங்கள்கூட ஒரே மாதிரி வந்தவை இல்லை. 2000இல் தோற்றால் வெளியே போகும் நாக்-அவுட் முறை. 2007இல் மெக்சிகோவில் எட்டுப் பேர் சுற்று. அதன்பின் நேருக்கு நேர் மேட்ச்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வகைப் பொறுமை வேண்டும். மூன்றிலும் ஜெயித்தவர் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

"அதெல்லாம் பிறவியிலேயே வர்றது. நம்ம பசங்களுக்கு எப்படி வரும்?"

பிறவித் திறமை உண்டு, மறுக்கவே மாட்டேன். ஆறு வயதில் அம்மாவிடம் ஆட்டம் கற்றுக்கொண்ட பையன். அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் மணிலாவில் இருந்தபோது டிவியில் வந்த செஸ் புதிர்களை விடுவித்துப் பரிசுப் புத்தகங்களாக அள்ளினான். சென்னை திரும்பிய பிறகு தால் செஸ் கிளப். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் தொடங்கிய இடம் அது. அங்கே பிளிட்ஸ் (சில நிமிடத்தில் முடியும் வேக ஆட்டம்) ஆடி ஆடியே வளர்ந்த வேகம் பிற்பாடு உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

ஆனால் அந்தத் திறமையே ஒரு கட்டத்தில் அவருக்கு எதிராக நின்றது. சின்ன வயதில் மற்றவர்கள் அரை மணி நேரம் யோசிக்கும் இடத்தில் இரண்டு நிமிடத்தில் காயை நகர்த்திவிட்டு எழுந்துபோவார். கீழ்மட்டத்தில் அது பலித்தது. உலகின் முதல் பத்துப் பேர் மத்தியில் எப்போதும் பலிக்கவில்லை, உட்கார்ந்து யோசிக்கப் பழக வேண்டியிருந்தது. ஒரு பிள்ளையை மேலே கொண்டுபோகும் குணமே அடுத்த படியில் காலைத் தடுக்கலாம். வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி பண்ணணும்?"

பள்ளி நாளில் ஒன்றரை மணி நேரம் உருப்படியாக நடந்தால் போதும். உருப்படி என்றால், போர்டில் காய்களை அடுக்கி, ஒரு நிலையை வைத்துக்கொண்டு, கையால் தொடாமல் மனதில் கணக்குப் போட்டு, விடையை எழுதிய பிறகு சரிபார்ப்பது. போனைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்ததைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

"ஆன்லைன்ல தினம் இருபது கேம் ஆடுறான். அதுவும் பயிற்சிதானே?"

பிளிட்ஸ் கெட்டது என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன தால் கிளப்பில் நடந்தது பிளிட்ஸ்தான். ஆனால் அங்கே எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். தோற்றால் எழுந்து இடம் விட வேண்டும், பக்கத்தில் நிற்பவர்கள் "அந்த யானையை ஏண்டா அங்க வச்சே?" என்று கேட்பார்கள். ஆன்லைனில் தோற்ற மறு நொடி அடுத்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. தோல்வியை நினைத்துப் பார்க்க இடமே இல்லை.

நாளுக்கு மூன்று ஆட்டம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றையாவது பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம்.

"தோத்த ஆட்டத்தை உடனே இன்ஜின்ல போட்டுப் பாக்கலாமா?"

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

இன்ஜினில், அதாவது கம்ப்யூட்டர் செஸ் புரோகிராமில், போட்டால் எந்த நகர்த்தல் தப்பு என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நீங்கள் ஏன் அந்தத் தப்பைச் செய்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும், அதுவும் இரண்டு நாளில் மறந்துபோகும். அதனால் முதல் வேலை, ஆடும்போதே நகர்த்தல்களை எழுதும் ஸ்கோர் ஷீட்டில் தொடங்குகிறது. நகர்த்தலுக்குப் பக்கத்தில் கடிகாரத்தில் மீதி இருக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது, என் பிள்ளைகள் எல்லோரும் குறிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு ஓய்ந்த பிறகு, நோட்டில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: ஆட்டம் திரும்பிய நகர்த்தல் எது, அப்போது எவ்வளவு நேரம் மீதி இருந்தது, அந்த நிமிடம் மனதில் என்ன ஓடியது. அதற்குப் பிறகுதான் இன்ஜின்.

நாலைந்து மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு மாணவியின் நோட்டில் ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு, எதிராளி வேறு, ஆனால் மூன்றாவது பத்தியில் ஏறக்குறைய ஒரே வரி: "ஜெயிச்சாச்சுன்னு நினைச்சேன்." இன்னொரு பையனுக்கு, "அவன் ராணியை மாத்திக்க மாட்டான்னு நினைச்சேன்." இருவருக்கும் புதிய ஓப்பனிங் புத்தகம் வாங்கிக் கொடுத்து ஒரு பயனும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு, முன்னிலையில் இருக்கும் நிலைகளை மட்டும் எடுத்து ஜெயித்துக் காட்டச் சொன்னேன். பையனுக்கு, ஒவ்வொரு புதிரிலும் எதிராளியின் மிகச் சிறந்த பதிலை முதலில் எழுதச் சொன்னேன். காய்ச்சலின் காரணம் தெரிந்த பிறகு கொடுக்கும் மருந்து மாதிரி, வேலை செய்தது.

"எட்டு வயசுல மாவட்டத்துல முதல் இடம். இப்போ பதினாலு, ரேட்டிங் ஏறவே மாட்டேங்குது. என்ன குறை?"

இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, கணக்கு. பதினெட்டு வயதுக்குள், 2300க்குக் கீழே ரேட்டிங் உள்ளவர்களுக்கு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்று கணக்கிட 40 என்ற பெருக்கு எண்ணை வைத்திருக்கிறது. சம ரேட்டிங் உள்ளவரிடம் ஒரு தோல்வி என்றால் 20 புள்ளி போகும். ஒரு வார இறுதியில் அப்படி ஐந்து தோல்வி என்றால் 100 புள்ளி காலி. நல்ல வாரத்தில் அதே 100 வரும். அதனால் ஒரு டோர்னமென்ட் முடிந்ததும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி உட்கார வேண்டாம். 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழிருந்த ரேட்டிங்குகளை ஒரே நாளில் உயர்த்தியது. 1500 இருந்தவர் 1700 ஆனார். அன்று யாருடைய ஆட்டமும் ஒரே ராத்திரியில் கூடிவிடவில்லை. எண்ணுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே இப்படி இடைவெளி உண்டு.

இரண்டாவது காரணம்தான் உண்மையானது. எட்டு வயதில் ஜெயித்த ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நாலு நல்ல பொறி தெரிந்த பிள்ளை, அந்தப் பொறி தெரியாத பிள்ளையை வீழ்த்திய ஆட்டங்கள். பன்னிரண்டு வயதில் எல்லோருக்கும் எல்லாப் பொறியும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்), பொறுமை, மோசமான நிலையில் தாக்குப்பிடிப்பது என்று வேறு சரக்கு வேண்டும். அதைச் சேர்க்கிற இரண்டு வருடத்தில் ரேட்டிங் ஏறாது. சில நேரம் இறங்கும். பெற்றோர் பொறுமை இழந்து வகுப்பை மாற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டு வருடத்தில்தான்.

"ஜெயிச்சுக்கிட்டிருக்கிற ஓப்பனிங்கை ஏன் மேடம் மாத்தச் சொல்றீங்க?"

பான் நகரில் 2008 அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். எதிரே விளாடிமிர் கிராம்னிக், காஸ்பரோவையே மேட்சில் வென்றவர். ஆனந்த் நடப்பு உலக சாம்பியன். வெள்ளைக் காய் கிடைத்தால் ராஜாவுக்கு முன் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவதுதான் அவருடைய பழக்கம். இருபது வருடமாக அதை வைத்துத்தான் உலகத்தை ஜெயித்திருந்தார். கிராம்னிக்கிடம் அதற்குப் பூட்டுப் போட்ட மாதிரி பதில்கள் தயாராக இருந்தன.

ஆனந்த் தன் குழுவோடு மாதக்கணக்கில் வேலை செய்து, அந்த மேட்சில் ராணிக்கு முன் உள்ள சிப்பாயை நகர்த்தினார். கறுப்புக் காயிலும் புதிதாக, கூர்மையான ஒரு வழியைக் கொண்டுவந்தார். மூன்றாவது ஆட்டத்தில் அந்த வழியில் கிராம்னிக் தோற்றார். ஐந்தாவது ஆட்டத்தில் மறுபடியும் அதே வழிக்குள் வந்தார், மறுபடியும் தோற்றார். ஆறாவதில் வெள்ளைக் காயோடும் ஆனந்த் ஜெயித்தார். பன்னிரண்டு ஆட்ட மேட்ச் பதினொன்றிலேயே 6.5–4.5 என்று முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பழைய வழி தோற்றுப்போன பிறகு அவர் மாறவில்லை. அதை வைத்து ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, 38 வயதில், புதுசு கற்றுக்கொண்டார். தோற்ற பிறகு மாறலாம் என்று காத்திருந்தால், மாறுவதற்கு வேண்டிய நிதானம் அப்போது மனதில் இருக்காது. அதனால்தான் நன்றாக ஆடும் பிள்ளையிடம் நான் புது ஓப்பனிங் கொடுக்கிறேன். திணறும் பிள்ளையிடம் கொடுப்பதில்லை.

"அப்போ எதைத்தான் மாத்தக் கூடாது?"

கணக்குப் போடும் பயிற்சி, அடிப்படை எண்ட்கேம், முன்பு சொன்ன நோட்டு, தூக்கம். இந்த நான்கும் ஆறு வயதிலும் அறுபது வயதிலும் அப்படியே இருக்கட்டும். ராஜாவும் ஒரு சிப்பாயும் எதிரே ராஜாவும் மட்டும் இருக்கும் நிலையை எந்த வயதுக்காரரையும் வருடத்துக்கு ஒரு முறை ஆடிக் காட்டச் சொல்வேன். தெரியும் என்று சொல்பவர்களில் பலர் தடுமாறுவார்கள்.

"மோசமா தோத்துட்டு அழுறான். அடுத்த ரவுண்டுக்கு எப்படித் தேத்துறது?"

முதலில், அழட்டும். தப்பில்லை. அரை மணி நேரம் யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள், முக்கியமாக அப்பாக்கள்.

2012இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் உலகப் பட்ட மேட்ச். ஆறு ஆட்டம் டிரா, ஏழாவதில் ஆனந்த் தோற்றார். எட்டாவது ஆட்டத்தைப் பதினேழே நகர்த்தலில் ஜெயித்தார். உலகப் பட்ட மேட்ச்களில் வெற்றி தோல்வியோடு முடிந்தவற்றில் அதுவே மிகச் சிறிய ஆட்டம். கடைசியில் 6–6 சமன், ரேபிட்டில் 2.5–1.5 என்று பட்டத்தைத் தக்கவைத்தார். இப்படி அடுத்த நாளே எழுவது ஒரு வகை. இதற்குத் தேவை, நேற்றைய ஆட்டத்தை இன்றைய போர்டுக்குக் கொண்டுவராமல் இருப்பது. டோர்னமென்ட் நடுவே ஆராய்ச்சி வேண்டாம், நோட்டு வீட்டுக்குப் போன பிறகு என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வகைத் தோல்விக்கு நாள் பிடிக்கும். 2013 நவம்பரில் சொந்த ஊரான சென்னையிலேயே உலகப் பட்டத்தை நார்வேயின் கார்ல்சனிடம் 6.5–3.5 என்று தோற்றார், ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அவர் காலம் முடிந்தது என்று எழுதாத பத்திரிகை குறைவு. அடுத்த மார்ச்சில், உலக சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குப் போகலாமா வேண்டாமா என்று அவருக்கே தயக்கம் இருந்தது. போனார். ரஷ்யாவின் காந்தி-மான்ஸிஸ்க் நகரில் பதினான்கு சுற்றிலும் ஒரு தோல்விகூட இல்லாமல், ஒரு சுற்று மீதி இருக்கும்போதே முதலிடத்தை உறுதி செய்தார். மேட்சில் தோற்றவர் எப்படி அங்கே ஜெயித்தார் என்று கேட்பார்கள். கார்ல்சனிடம் தோற்றதால் மற்ற ஏழு பேரைவிட அவர் பலவீனமானவர் ஆகிவிடவில்லை. ஒரு ஆளிடம் தோற்றதை எல்லாரிடமும் தோற்றதாக எடுத்துக்கொள்வதுதான் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு.

"கவனக்குறைவுதான் மேடம், மத்தபடி நல்லா ஆடுறா. கவனத்தைக் கூட்ட ஏதாவது வழி இருக்கா?"

'கவனமா ஆடு' என்று சொல்வதால் ஒன்றும் நடக்காது. கவனம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். 2014இல் சோச்சியில் ஆனந்தும் கார்ல்சனும் மறுபடி மோதினார்கள். ஆறாவது ஆட்டம், இருபத்தாறாவது நகர்த்தல். நிலைமை கார்ல்சனுக்குச் சாதகம். அவர் ராஜாவை டி2 கட்டத்துக்கு நகர்த்தினார். படு மோசமான தப்பு. ஆனந்தின் குதிரை ஈ5 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே திரும்பியிருக்கும். கார்ல்சன் தன் தப்பை உடனே உணர்ந்துவிட்டார், தலையைக் கையில் கவிழ்த்துக்கொண்டார். ஆனந்த் சிறிது நேரத்திலேயே, தான் முன்பே நினைத்து வைத்திருந்த ஓரச் சிப்பாயை நகர்த்தினார். அந்த ஆட்டத்தைத் தோற்றார். மேட்ச் அங்கிருந்து கைநழுவியது.

இரண்டு உலக சாம்பியன்கள், ஒரே நிமிடத்தில் இரண்டு தப்பு. ஆனந்துக்குக் கவனம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? தற்காப்பில் இருந்தார், தன் திட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தார், எதிராளி தப்புச் செய்வார் என்று எதிர்பார்க்கவில்லை. உங்கள் மகளுக்கும் இதுதான் நடக்கிறது. தன் திட்டம் மனதை நிறைத்துவிடுகிறது. ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள்: எதிராளி காயை வைத்ததும், தன் திட்டத்துக்குப் போகுமுன், "இந்தக் காய் எதைக் காவல் காத்துக்கிட்டிருந்தது? இப்போ எதை விட்டுட்டு வந்துச்சு?" என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும். புதிர் போடும்போதும்கூட. ஆறு மாதமாவது ஆகும் கையில் ஒட்டிக்கொள்ள.

"உக்காந்து ஆடுற ஆட்டத்துக்கு உடம்பு எதுக்கு?"

கிளாசிக்கல் எனும் நீண்ட நேர ஆட்டம் ஐந்து, ஆறு மணி நேரம் போகும். ஐந்தாவது மணியில் நடக்கும் தப்புகளைப் பாருங்கள், அறிவுக் குறைவால் நடந்தவை கொஞ்சம்தான்.

1997 டிசம்பரில் குரோனிங்கனில் உலகப் பட்டத்துக்கான நாக்-அவுட். ஆனந்த் சுற்றுச் சுற்றாக ஜெயித்து வந்து, வருடம் முடியும் நேரத்தில் அதன் கடைசிச் சுற்றை வென்றார். 1998 ஜனவரி 2ஆம் தேதியே லோசான் நகரில் கார்ப்போவுடன் மேட்ச். கார்ப்போவ் நடப்பு ஃபிடே சாம்பியன் என்பதால் நாக்-அவுட் ஆடாமல் நேரடியாக இந்த இறுதி மேட்சுக்கு வந்தவர், ஓய்வோடு காத்திருந்தார். அப்படியும் ஆறு ஆட்டத்தில் 3–3. அதற்கு மேல் முடியவில்லை, ரேபிட்டில் இரண்டையும் தோற்றார். அந்த ஏற்பாடு நியாயமில்லை என்பதுதான் இன்றும் என் கருத்து. ஆனால் களைப்பு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது எளிது. தினமும் வேர்க்கும்வரை ஏதாவது விளையாட்டு. போட்டி நாளில் மதியம் பிரியாணி வேண்டாம், தயிர்சாதமோ இட்லியோ போதும். இரண்டு ரவுண்டுக்கு நடுவில் போன் பார்க்காமல் நடக்க வேண்டும்.

"யூடியூப்லயே எல்லாம் இருக்கே, கோச் எதுக்கு?"

தகவலுக்குத் தேவையில்லை. உங்கள் தப்பை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான். உச்சத்தில் இருந்தபோதும் ஆனந்த் தனியாக வேலை செய்யவில்லை. பீட்டர் ஹைனே நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், ரடோஸ்லாவ் வோய்தாஷெக், நம் சூர்ய சேகர் கங்குலி என்று ஒரு குழு அவரோடு பல மேட்ச்களுக்கு இருந்தது. காசிம்ஜானோவ் தானே ஃபிடே உலக சாம்பியனாக இருந்தவர். தனக்கு ஆமாம் போடும் ஆட்களை அவர் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று. 2010இல் சோபியாவில் டோபலோவுடன் உலகப் பட்ட மேட்ச். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்று, பிராங்பர்ட்டிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ நாற்பது மணி நேரம் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். மேட்சைத் தள்ளிவைக்கக் கேட்டார், ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள். முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவது வெற்றி, கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காயோடு ஜெயித்து 6.5–5.5. அந்த மேட்சுக்கு அவருக்கு உதவியவர்களில் காஸ்பரோவும் கிராம்னிக்கும் கார்ல்சனும் உண்டு என்று பிறகு அவரே சொன்னார். மூவருமே அவரோடு உலகப் பட்டத்துக்கு மோதியவர்கள், அல்லது பின்னால் மோதப் போகிறவர்கள். போர்டுக்கு வெளியே யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருபது வருடம் இருந்ததன் பலன் அது. டோர்னமென்ட் ஹாலில் தோற்ற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் மாணவரை நான் கடுமையாகக் கண்டிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"பத்தாவது வருது. செஸ்ஸை நிறுத்திடலாமா?"

குறைக்கலாம், நிறுத்த வேண்டாம். ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் லயோலா கல்லூரியில் பி.காம். படித்ததும் ஏறக்குறைய ஒரே காலம். பொதுத்தேர்வு வருடத்தில் டோர்னமென்ட் இல்லாமல் தினம் இருபது நிமிடம் புதிர் மட்டும் போதும். முழுதாக விட்டுவிட்டுத் திரும்ப வருபவர்கள் குறைவு.

"எனக்கு 45 வயசு. பையனைக் கூட்டிட்டு வர்றப்போ ஆசை வந்துச்சு. இனிமே முன்னேற முடியுமா?"

முடியும், ஆனால் பையன் முன்னேறும் வழியில் முடியாது. நீண்ட கணக்குப் போடும் வேகத்தில் பதினைந்து வயதுக்காரரோடு போட்டி போடாதீர்கள். உங்களுக்கு நிதானம் இருக்கிறது, ஆட்களை எடைபோடத் தெரியும், எண்ட்கேமில் ஒரு மணி நேரம் சலிக்காமல் உட்காரத் தெரியும். சிக்கலை நீங்கள் தேர்ந்தெடுத்து ஆடுங்கள், எதிராளி தேர்ந்தெடுத்த சிக்கலில் மாட்டாதீர்கள்.

முன்னாள் உலக சாம்பியன் லாஸ்கர் 1924இல் நியூயார்க்கில் 55 வயதில், காப்பாபிளாங்காவையும் அலெகைனையும் பின்னால் தள்ளி முதலிடம் பெற்றார். இன்னொரு முன்னாள் உலக சாம்பியன் ஸ்மிஸ்லோவ் 1984இல், அறுபதைத் தாண்டிய வயதில், கேண்டிடேட்ஸ் இறுதிவரை வந்தார், எதிரே இளம் காஸ்பரோவ். உலகப் பட்டத்துக்கு மோதிய கோர்ச்னாய் 2011இல் 79 வயதில் ஜிப்ரால்டரில் கருவானாவைக் கறுப்புக் காயோடு வென்றார், அதே வருடம் 80 வயதில் சுவிட்சர்லாந்து சாம்பியன் ஆனார். கோர்ச்னாய்க்கு அது பிடிவாதம். ஸ்மிஸ்லோவுக்கு வேறு: அவர் தேர்ந்த பாடகர், போல்ஷாய் அரங்கில் இடம் கேட்டுப் பாடிப் பார்த்தவர், செஸ் தவிர வாழ்வில் இன்னொன்று இருந்தவர். ஆனந்துக்கு வானவியல். அப்படி ஒன்று இருப்பவர்களுக்கு ஆட்டம் சலிப்பதில்லை என்பது நான் பார்த்தவரை உண்மை.

"நான் லேத் பட்டறை வச்சிருக்கேன். இதெல்லாம் செஸ்ஸுக்குச் சரி, என் தொழிலுக்கு எதுக்காவது ஆகுமா?"

கேட்டவர் வாரா வாரம் மகளைக் கூட்டிவருபவர், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எல்லாம் பொருந்தாது. செஸ்ஸில் ஆட்டம் முடிந்த உடனே தப்பு தெரிந்துவிடும். தொழிலில் போன வருடம் செய்த தப்பு இந்த வருடம்தான் தெரியும். அதிர்ஷ்டமும் அதிகம்.

நோட்டு மட்டும் நேராகப் பொருந்தும் என்று சொன்னேன். திரும்பி வந்த பீஸ் ஒவ்வொன்றுக்கும் என்ன தப்பு என்பதோடு, அன்று பட்டறையில் என்ன அவசரம் இருந்தது என்றும் எழுதச் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து வந்து, தன்னுடைய தப்புகளில் பெரும்பாலானவை சாயங்காலம் டெலிவரி வண்டி காத்திருக்கும் நேரத்தில் நடந்தவை என்றார். வண்டி வரும் நேரத்தை மாற்றிவிட்டார்.

"குகேஷ் வந்தாச்சு. இன்னமும் ஆனந்த் எதுக்கு ஆடணும்? கௌரவமா ஒதுங்கலாமே?"

அவர் ஒதுங்க வேண்டிய அளவுக்கு ஒதுங்கித்தான் இருக்கிறார், பலர் கவனிக்கவில்லை. போட்டிகளைக் குறைத்துக்கொண்டார். 2020இல் தொடங்கிய அகாடமியில் குகேஷ், பிரக்ஞானந்தா போன்றவர்களுக்கு வழிகாட்டினார். 2022இல் ஃபிடேயின் துணைத் தலைவர் ஆனார். அதே 2022இல், 52 வயதில், நார்வே செஸ் போட்டியில் முதல் மூன்று சுற்றையும் வென்று கடைசியில் மூன்றாம் இடம் பிடித்தார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது, தாண்டப்பட்டவரே தாண்டியவரை வளர்த்தவர்களில் ஒருவராக இருந்தார்.

ஆடுவதும் ஆடாததும் அவர் விருப்பம். நாம் கேட்க வேண்டிய கேள்வி, ஆட்டம் குறையும்போது அந்த இடத்தில் என்ன வருகிறது என்பதுதான். என் வகுப்பில் பதினேழு வயதில் "இனி நான் கிராண்ட்மாஸ்டர் ஆக மாட்டேன்" என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் விருப்பப்பட்டவர்களுக்குச் சனிக்கிழமை காலை ஆறு ஏழு வயதுக் குழந்தைகளை ஒப்படைத்திருக்கிறேன். குதிரை எப்படி நகரும் என்று ஒரு குழந்தைக்குப் புரியவைக்க முயலும்போது அவர்களுடைய ஆட்டமும் தெளிகிறது. உங்கள் வீட்டில் அந்த வயதில் யாராவது செஸ்ஸை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், ஒரு சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கூட்டி வாருங்கள்.